ரோதமுனி குடித்த எண்ணெய்

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் புவனேந்திரனுக்கு ஒரு குறையும் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் என்றே சொல்லலாம். தோட்டத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், முனிக்கு டைல்ஸ் தரையே போட்டுவிட்டீர்களாமே என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள். அவரும் ஒன்றுமே செய்யாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் பிள்ளைக்காக வைத்த நேர்த்திக்கடன் என்பார். அந்த முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கருமலை, பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளியைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் வரும் சின்னத் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் கொழுந்தை உருட்டிக் கசக்கும் மெசினில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பொல்லாத மெசின் அது. விரலைக் கொடுத்தால் முழங்கை வரை கேட்கும். அதற்குக் காவலாகத்தான் ஸ்டோர்ச் சுவரை ஒட்டி, மரத்தடியில் ரோதமுனி, அதாவது சக்கரத்து முனி, இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், சுற்றிலும் வட்டமாகப் பதித்த வெள்ளைக் கற்கள். வேலைக்கு ஏறுமுன் விளக்கேற்றி, ஒரு தேங்காய்ச் சிரட்டை எண்ணெயைக் கல்லின் காலடி மண்ணில் ஊற்றுவது புவனேந்திரனின் பொறுப்பு. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட ஆள் விட்டு ஊற்ற வைத்தவர் மனுசன்.

அந்த வட்டத்துக்குள் பொம்பளைகள் கால் வைக்கக்கூடாது. அது அவர் போட்ட சட்டம் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தே வருவது. ஆனால் அதைக் கட்டிக் காத்ததில் அவரைப்போலக் கண்டிப்பானவர் கிடையாது. மகள் சிவசக்தி ஆறு வயதில் பந்தெடுக்க உள்ளே ஓடியபோது முதுகில் ஓர் அடி வைத்தார். அவளை அவர் கைநீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சிவசக்திக்குத்தான் நேர்த்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகம் கிடைத்து அவள் கெம்பஸுக்குப் போனபோது, "புள்ள படிச்சு முடிச்சா ஒனக்கு நல்ல தரை போட்டுத் தர்றேன்" என்று முனியிடம் வேண்டிக்கொண்டார். போன மாதம் அவள் போனில், எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று சொன்னாள். முடிந்த மாதிரி என்றால் முடிந்துவிட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். வருகிற ஞாயிறு முனிக்கு வருஷப் பூசை. அதற்குள் போட்டுவிட்டால் எத்தனை அழகு என்று ஒரே அவசரம். கோயில் கமிட்டித் தலைவர் கந்தப்பனே, "முடியட்டும்பா, அதுக்கப்புறம் நேர்த்தியச் செய்வமே" என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்டால்தானே.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஸ்டோருக்கு வெளியே வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

சிவசக்தியின் குரலே சரியில்லை. புயல் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போய், அவர்களுடைய ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததெல்லாம் கெட்டுப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். நாற்றம் தாங்காமல், கிருமி பரவாதபடி மொத்தத்தையும் அவித்துக் கொட்டிவிட்டார்களாம். அவள் எட்டு மாதமாக வளர்த்த பக்டீரியாவும் அதோடு போய்விட்டது. இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சகர்கள் வருகிறார்கள். எழுதி வைத்தது போதாது, உயிரோடு இருக்கும் பக்டீரியா அவர்கள் கண்முன்னால் எண்ணெயைத் தின்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இந்த வருஷம் பட்டம் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் கறுப்பு அங்கி போடும்போது இவள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"மறுபடி எடுத்து வளர்த்தா மூணு வாரம் போதும்பா. அதான் நாளைக்கு வர்றேன்" என்றாள்.

எல்லவுக்குப் போகப் போகிறாளா என்று கேட்டார். எல்லவில் ஒரு ஹோட்டல் சாக்கடையில்தான் அந்தப் பக்டீரியாவை எடுத்ததாக அவள் தீபாவளிக்கு வந்தபோது சொல்லியிருந்தாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, ஏசக்கூடாது. அது எல்லவுல எடுத்ததில்ல. நம்ம முனிகிட்ட எடுத்தது. ஒங்களுக்குத் தெரியாம உள்ள போயி, ஒரு தேக்கரண்டி மண்ணு எடுத்தேன். அந்த எண்ணெ மண்ணுலதான் அது இருக்கு."

புவனேந்திரன் திரும்பி டைல்ஸ் தரையைப் பார்த்தார். அவள் வட்டத்துக்குள் போனதற்காக இல்லை. அது அவர் மண்டையில் ஏறவேயில்லை. "சரி, வா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

தீபாவளிக்கு அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அம்மா விஜயலெட்சுமி துணி துவைத்துக்கொண்டிருக்க, அவள் சவர்க்காரத் தூள் பக்கட்டைக் காட்டி விளக்கினாள். எண்ணெய்க் கறை இந்தத் தூளில் எப்படிப் போகிறது தெரியுமா, உள்ளே லைப்பேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அதைப் பக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள் என்றாள். பக்டீரியாவுக்கு வாயும் பல்லும் கிடையாது. அதனால் அந்த நொதியை வெளியே விட்டு, கொழுப்பைச் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து, அப்புறம் உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி ஒன்றைச் சாக்கடையில் விட்டால் ஹோட்டல்காரர்கள் ஊற்றுகிற எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து நாறாது, ஓடைக்கும் வராது. ஆனால் கடையில் விற்கிறவை நம் பக்கத்துக் குளிரில் சுருண்டு படுத்துக்கொள்ளும், நான் எடுத்தது மட்டும் குளிரிலும் வேலை செய்கிறது என்றாள். கண்ணெல்லாம் மின்னச் சொன்னாள். விஜயலெட்சுமி சிரித்துக்கொண்டே, ஆய்ந்த கொழுந்தைப் பற்றிக்கூட இத்தனை ஆசையாக யாரும் பேசியதில்லை என்று கேலி செய்தாள்.

அந்த மண்ணை இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் ரமேஸ் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த எண்ணெய்ப் பிசுக்கில் சீமெந்து ஒட்டாது, வெட்டி எடுக்க வேண்டும் என்றான். இவரே அலவாங்குக் கடப்பாரையை எடுத்து ஒரு முழத்துக்கு வெட்டினார். கறுகறுவென்று நல்ல மண். சாமி மண்ணில் யார் காலும் படக்கூடாதல்லவா, குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. சட்டி சட்டியாகச் சுமந்துபோய் ஓடுகிற தண்ணீரில், கீழே உள்ள ஓடையில் கரைத்தார். அதோடு விட்டாரா? அடியில் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று ரமேஸ் சொல்ல, ஸ்டோரிலிருந்து கொதிக்கிற தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து, காஸ்டிக் சோடாவையும் பிளீச்சிங் தூளையும் போட்டு ஊற்றித் தேய்த்தார். ரமேஸ் போதும் போதும் என்றான். சாமி காரியத்தில் குறை வைக்கக்கூடாது என்று இவர்தான் இன்னும் ரெண்டு வாளி ஊற்றினார். அதற்கு மேலே கொங்கிரீட், அதற்கு மேலே பதுளையில் வாங்கின பூப்போட்ட டைல்ஸ்.

போன் வந்த அந்த வியாழக்கிழமை, ஸ்டோர் வேலை முடிந்ததும் ஓடைக்கு ஓடினார். ஓடி என்ன? நாலு நாள் மழை. ஓடை கலங்கி இரைந்துகொண்டு போனது. மண் கரைத்த இடத்தில் கல்லிடுக்கு, புல்லடி எல்லாம் விரலால் தோண்டிப் பார்த்தார். எல்லாம் செம்மண். ஒரு பிடி கறுப்பு மண் கிடைக்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அட பாவி, அட பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவசக்தி வந்து இறங்கினாள். பஸ் நிறுத்தத்திலிருந்து லயத்து வீட்டுக்கு வரும் வழியில்தான் ஸ்டோர். எதிரே அவரும் போய்க்கொண்டிருந்தார், எப்படியாவது வழியை மாற்றிக் கூட்டிப்போகலாம் என்று. முடியவில்லை. அவள் ஏற்கெனவே வெள்ளைக் கற்களுக்கு வெளியே நின்று டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மூடி போட்ட சின்னப் போத்தல்கள். முகத்தில் இரத்தமே இல்லை.

"யாருப்பா இத செஞ்சது?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் புரண்டுவிட்டது.

"கமிட்டியிலதான்... எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க" என்றார்.

அவள் தலையாட்டினாள். வெட்டின மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று தலைவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். களைப்பாக வந்திருக்கிறாய், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கந்தப்பன் வீட்டுக்குப் போய்வர இருபது நிமிஷம். அவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். புவனேந்திரன் அந்த ஒரு மணி நேரமும் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். கந்தப்பன் மறைத்துப் பேசத் தெரிந்தவர் இல்லை. ஒங்கப்பன்தான் ஒனக்காக நேர்த்தி வச்சான், நான் சொல்லியும் கேக்கல என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? ஒருவேளை வீட்டில் இல்லாமல் இருந்தால்? அப்படியானால் ஏன் இத்தனை நேரம்?

அவள் வந்தாள், கை கால் கழுவினாள், சாப்பிட்டாள். தாயிடம் பஸ் பயணத்தைப் பற்றிப் பேசினாள். இவரிடமும் பேசினாள், உப்பைத் தள்ளி வைக்கச் சொல்கிற மாதிரியான பேச்சு. மண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால், அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தெரியுமா தெரியாதா என்று தெரியாமல் மகளுடைய முகத்தைத் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டு சோறு தின்கிற தண்டனையை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. விஜயலெட்சுமிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் புவனேந்திரன் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு மகள் படுத்திருந்த இடத்துக்கு வந்தார். அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"கமிட்டி இல்லம்மா. நாந்தான்" என்றார்.

"தெரியும்பா."

"எந்திரிச்சு வா. ஒன் போத்தல எடுத்துக்க."

ஸ்டோருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம், பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, ஆட்கள் வந்து கூடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை சனம். புவனேந்திரன் செருப்பைக் கழற்றினார், கல்லைக் கும்பிட்டார், நடு டைல்ஸில் அலவாங்கை ஓங்கிப் போட்டார். பூப்போட்ட டைல்ஸ் நாலாகப் பிளந்தது. சனம் ஐயையோ என்றது. யாரோ ஓடிப்போய்க் கந்தப்பனைக் கூட்டிவந்தார்கள்.

கந்தப்பன் மூச்சிரைக்க வந்தார். நாளைக்குப் பூசையை வைத்துக்கொண்டு சாமி தரையை உடைக்கிறாயே, உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கத்தினார். நாளைக்கு மெசினில் ஒருத்தன் கை போனால் அது உன் தலையில்தான் என்றார். அந்தச் சொல் புவனேந்திரனின் நெஞ்சில் போய்க் குத்தியது, ஏனென்றால் விடிய விடிய அவர் நினைத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். ஆனாலும் கொங்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டே இருந்தார். பெயர்த்து முடித்ததும் ஈரமான மண் தெரிந்தது. அதில் காஸ்டிக்கின் வெள்ளை பூத்திருந்தது.

"இன்னும் கீழ போகணும்பா. மேல உள்ளது செத்திருக்கும்" என்றாள் சிவசக்தி. வட்டத்துக்கு வெளியேதான் நின்றாள்.

இன்னும் ஒரு முழம் தோண்டினார். தோண்டிவிட்டு நிமிர்ந்து, அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டினார்.

"எது வேணும்னு எனக்கு எங்க தெரியும்? நீ உள்ள வந்து எடு."

வட்டத்துக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கந்தப்பன்கூட. சிவசக்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கல்லைத் தாண்டினாள். குழிக்குள் குந்தி, நெருப்பில் சுட்டெடுத்த கரண்டியால் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்துப் பன்னிரண்டு போத்தலில் போட்டாள்.

அவள் மூடிகளை இறுக்கும்போது மெதுவாகச் சொன்னாள். "சின்னதுல கேட்டேனே, ஞாபகமிருக்கா? தெனமும் எண்ணெ ஊத்துறீங்களே, ஊறி வழியாம, நாறாம எங்கப்பா போகுதுன்னு. முனி குடிக்கிறாருன்னு சொன்னீங்க. எல்லாச் சாக்கடையும் நாறுது, இது மட்டும் ஏன் நாறலன்னு கெம்பஸுல ஒருநா யோசிச்சேன். அங்க இருந்துதான் ஆரம்பிச்சது."

"அப்ப குடிச்சது முனி இல்லியா?"

"அவரு சும்மா இருந்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா குடிச்ச கூட்டத்த நான் கண்ணால பாத்தேன்."

அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எண்ணெய் கலந்த கூழ் போட்ட தட்டுகளில் மண்ணைத் தடவி வைப்பாளாம். கொழுப்பை அறுக்கிற பக்டீரியா இருந்தால், பால் மாதிரி வெளுத்திருக்கும் தட்டில் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் ஒன்று விழும். புதன்கிழமைக்குள் தெரிந்துவிடும்.

ஞாயிறு பூசை உடைந்த தரையில்தான் நடந்தது. குழியை மூடியிருந்தார்கள், ஆனால் டைல்ஸ் துண்டுகள் இன்னும் ஓரத்தில் கிடந்தன. புவனேந்திரனுக்கு அருகே யாரும் நிற்கவில்லை. திங்கட்கிழமை மெசினில் பெல்ட் அறுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வழக்கமாக அறுந்துபோகிற பெல்ட்தான். ஆனால் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன்னுடைய பத்து விரலையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். செவ்வாய் முழுக்கப் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். சிக்னல் இருக்கிறதா என்று மேட்டில் ஏறிப் பார்த்தார். முனியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உன்னைக் குழப்பியது நான், பிள்ளையை விட்டுவிடு என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டில் ஒன்றே ஒன்று போதும், அதற்கு மேல் கேட்கமாட்டேன் என்றார். விஜயலெட்சுமி அவர் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு, நீங்களும் படுத்துக்கொண்டால் நான் யாரைப் பார்ப்பது என்று சத்தம் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது. மெசின் சத்தத்தில் கேட்காது என்று வெளியே ஓடினார்.

"வரலப்பா" என்றாள் சிவசக்தி.

பன்னிரண்டு தட்டிலும் ஒரு வளையம் இல்லை. சிலதில் வேறு என்னென்னவோ முளைத்திருக்கிறது, எண்ணெயைத் தொடவில்லை. கொதிதண்ணீரும் காஸ்டிக்கும் அவள் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. அவளுக்குப் பாடம் எடுக்கும் சேரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷத்துக்கு மறுபடி ஆரம்பி என்று அவர் சொல்லிவிட்டாராம். எல்லவிலும் பண்டாரவளையிலும் உள்ள ஹோட்டல் சாக்கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடப் போகிறாளாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதையெல்லாம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னாள்.

புவனேந்திரன் ஸ்டோர்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். கேட்கக்கூடாது என்று நினைத்ததையே கேட்டார்.

"என்னாலதானே, சக்தி?"

இல்லப்பா, அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்று அவள் சொல்வாள் என்றுதான் அவர் நம்பினார். மற்ற யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஆமாப்பா. ஒங்களாலதான்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் அழுவது இப்போதுதான் கேட்டது.

"ஆனா மண்ணெடுத்த மொத நாளே நான் சொல்லியிருந்தா, அந்த மண்ணுல ஒரு பிடிய யாரையும் தொட விட்டிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்ப்பா. ஒரு அடிக்குப் பயந்துக்கிட்டு, தெரிஞ்சும் சொல்லல."

அவள் சொன்னது உண்மை. ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் போதும், தரையும் வேண்டாம் நேர்த்தியும் வேண்டாம் என்று, அந்த மண்ணைச் சுற்றிப் பாயைப் போட்டுப் படுத்தாவது காவல் காத்திருப்பார்.